வெள்ளிக்கிழமை பார்த்த வீடு

பெங்களூரு
8-1-2024

வேணிக்கு அக்கா எழுதுவது.

போன் செய்தால் நீ “ம்” என்பாய், இன்னொரு “ம்” என்பாய், பிறகு போனை நைனாவிடம் கொடுத்துவிடுவாய். கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பேப்பரில்தான் உனக்கு வாய் திறக்கும்.

கார்முகிலனுக்கு மறுபடியும் இழுப்பு. இந்த மார்கழியில் மூன்றாவது தடவை. இங்கே காலை பத்து மணிவரை பனி நிற்கிறது. எங்கள் ரூமில் வெயில் விழுவதே இல்லை. துவைத்த துணி மூன்று நாளானாலும் ஈரம். பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூத்திருக்கிறது. இந்தக் குளிரும் ஈரமும் பையனுக்கு ஆகாது, காய்ந்த ஊராகப் பார்த்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு வருஷமாகியும் எதிர்வீட்டுக்காரியின் பேர் எனக்குத் தெரியாது, அவளுக்கும் என் பேர் தெரியாது. பையனுக்கு உதடு நீலமான அன்றைக்குப் போய்த் தட்ட ஒரு கதவு இல்லை.

ஊர் மாறுவது என்று முடிவாகிவிட்டது. எந்த ஊர் என்பதுதான் பேஜார். மாமாவுக்கு நெமிலி போக ஆசை. அவருடைய ஊர், சொந்த வீடு, பின்னால் ஏரி. ஆனால் அங்கே கோவிந்தம்மாள் அத்தையோடு ஒரே சமையலறை. மாமியார் என்பதற்காகக் குறை சொல்லவில்லை. நான் அரிசி களைந்த தண்ணீரைக்கூட எட்டிப் பார்க்கும் மனுஷி.

இன்னொன்று நம் ஆம்பூர். ஒரு ஷூ கம்பெனியில் மெஷின் ரிப்பேர் வேலைக்கு மாமாவைக் கூப்பிடுகிறார்கள். அவருடைய தோஸ்த் ஒரு வாடகை வீடும் சொல்லியிருக்கிறார். தோல் பதனிடுகிற ஒரு ஷாப்புக்குப் பின் தெரு. விலாசம் கீழே எழுதியிருக்கிறேன். நீ ஒரு நடை போய்ப் பார். சித்திரை வெயிலில் அந்த வீடு எப்படிக் காயும், தண்ணீர் உப்பா, தெருவில் யார் இருக்கிறார்கள், அவசரம் என்றால் கதவு திறப்பார்களா. முக்கியமாக அந்த வாசனை. வீட்டுக்குள் வராது என்று தோஸ்த் சொல்கிறார். அவர் பேச்சை எடுத்துக்கொள்ள முடியாது. நைனாவைக் கேட்டால் மகள் பக்கத்தில் இருக்கட்டும் என்று “இங்கயே வந்துடும்மா” என்பார். நீ பொய் சொல்ல மாட்டாய். நீ எழுதுகிறபடிதான் நாங்கள் முடிவு செய்வோம்.

மோகனா


ஆம்பூர்
27-1-2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. பையனுக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று நைனா தினமும் கேட்கிறார். தோல் ஷாப் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நின்று கேட்கிறார், குளித்த பிறகுதான் உள்ளே வருகிறார்.

நேற்று இருபத்தாறாம் தேதி, எங்கள் ஷூ கம்பெனி லீவு. அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. மேலே கான்கிரீட், அதனால் சித்திரையில் மத்தியானம் உட்கார முடியாது. ஆனால் கிழக்கே ஒரு வேப்பமரம் இருக்கிறது, காலையில் பதினோரு மணிவரை வாசலில் நிழல். குழாய்த் தண்ணீர் உப்புதான். அதில் சோறு வடித்தால் மஞ்சளாகும். குடிக்க, சமைக்க நகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. ஈரம் எங்கேயும் இல்லை. சுவரைக் கையால் தடவிப் பார்த்தேன். பக்கத்து மாடியில் காயப்போட்ட ஒரு லுங்கி, நான் அங்கே இருந்த நேரத்திலேயே காய்ந்து காற்றில் அடித்துக்கொண்டது.

சாவி பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹான் என்பவரிடம் இருக்கிறது. ஐம்பது வயதிருக்கும். என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். இந்தத் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை அழுதாலும் நாலு கதவு திறக்கும் என்றார். நோன்பு மாதத்தில் சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் கஞ்சி வருமாம். நம் வீடுகளிலிருந்து ஆடிக்கூழ் அவர்களுக்குப் போகுமாம். நான் அதிகம் பேசவில்லை, உனக்குத்தான் தெரியுமே.

வாசனையைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு மணி நேரம் இருந்தேன். சமையலறை ஜன்னல் ஷாப்பைப் பார்த்து மேற்கே இருக்கிறது. அதைத் திறந்துவைத்து நின்றேன். ஒன்றும் வரவில்லை.

நீ வந்தால் நம் வீட்டிலிருந்து நடந்தே பத்து நிமிஷம்.

வேணி


பெங்களூரு
4-2-2024

ஏய் வேணி,

உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். லுங்கி காய்ந்த கதையைக் கேட்டதும் அவர் நெமிலியை விட்டுவிட்டார். “உன் தங்கச்சி பேசாத பொண்ணு, ஆனா கண்ணு நல்லா வேலை செய்யுது” என்கிறார். மாசி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பால் காய்ச்சுகிறோம். நெமிலிக்கு போன் செய்து அத்தையிடம் சொன்னேன். “அங்க காத்து எப்டி?” என்று மட்டும் கேட்டார்கள். நல்ல காற்று, என் தங்கச்சி பார்த்துவிட்டாள் என்றேன்.

நைனாவை அன்றைக்கு லீவு போடச் சொல். நீ காலையிலேயே வந்து வாசல் தெளித்துவை. ரஃபத் ஆன்ட்டிக்கு என் சலாம்.

உன் அக்கா


ஆம்பூர்
28-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போன் எடுக்கவில்லை. எடுத்தாலும் எனக்குப் பேச வராது. நெமிலி விலாசம் மாமாவின் தோஸ்திடம் வாங்கினேன்.

கார்முகிலனின் ஒரு செருப்பு கட்டில் அடியில் கிடந்தது. இத்துடன் அனுப்புகிறேன். வீட்டைக் கழுவிச் சாவியை ரஃபத் ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டேன்.

ஆடியில் யாரும் வீடு மாற்ற மாட்டார்கள். நீங்கள் மாறினீர்கள். அத்தை அதற்கும் உன்னைத்தான் குறை சொல்லியிருப்பார்கள். வேனில் சாமான் ஏற்றியபோது தெருவே வந்து கைகொடுத்தது. நான் பாத்திர மூட்டையைக் கொடுத்தேன், நீ என் கையிலிருந்து வாங்காமல், கீழே வைக்கச் சொல்லி, பிறகு எடுத்துக்கொண்டாய்.

பங்குனியும் சித்திரையும் நன்றாகத்தானே இருந்தது? கத்திரி வெயிலில்கூட அவன் தெருவில் ஓடினான். ஒரு நாள்கூட இழுக்கவில்லை. நீ தடுப்பு மருந்தைப் பரணில் எடுத்துவைத்தாய். அதையெல்லாம் சொல்லி நான் தப்பிக்கப் பார்ப்பதாக நினைக்காதே. ஜூன் பாதியில் காற்று மேற்கேயிருந்து திரும்பியது. அன்றைக்கே அவன் இருமினான். பிறகு நடந்தது எல்லாம் உனக்கே தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அவனுக்கு மூச்சு மருந்து மாஸ்க் வைத்திருந்தபோது, “உன் மூக்கு செத்துப்போச்சாடி?” என்று கேட்டாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். ஆமாம். கம்பெனியில் எட்டு மணி நேரம் தோலும் அதை ஒட்டுகிற சொல்யூஷனும். வீட்டில் நைனாவின் சட்டை. சாம்பார் கொதித்தால் எனக்குத் தெரிகிறது, மல்லிப்பூ தெரிகிறது, அது மட்டும் தெரிவதில்லை. ஜூலையில் நீ வாந்தி எடுத்த அன்றைக்கும் நான் அதே சமையலறையில் நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. பையனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது.

வேணி


நெமிலி
9-8-2024

கமலவேணிக்கு,

பையனுக்குப் பரவாயில்லை. கடைசியாக மாஸ்க் வைத்துப் பதினோரு நாள் ஆகிறது.

உன் மூக்கைப் பற்றி எழுதியதை நான் நம்பினேன். பாவம் என்றுகூட நினைத்தேன். திட்டியதற்கு வருத்தப்பட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். அன்றைக்கு ரஃபத் ஆன்ட்டி போன் செய்தார். பையனை விசாரித்துவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

“உன் தங்கச்சிக்கு ஜனவரிலயே சொன்னனேம்மா. இப்ப கம்மி, ஜூன்ல காத்து திரும்பினா ஜாஸ்தி, அந்த ஜன்னல திறக்கவே முடியாது, சின்னப் பிள்ளை இருந்தா யோசிக்கச் சொல்லுன்னு. சொல்லலையா அவ?”

நான், “சொன்னா ஆன்ட்டி, நாந்தான் கேக்கல” என்றேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல. என் தங்கை இப்படி ஒரு காரியம் செய்தாள் என்று வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

மூக்குக்குத் தெரியாது, சரி. காதுக்குமா தெரியாது?

அவன் மூன்று வயதுப் பிள்ளை. ஏன் மறைத்தாய் என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மோகனா


ஆம்பூர்
20-8-2024

அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் அந்த வீட்டை இரண்டு முறை பார்த்தேன். இருபத்தாறாம் தேதி போனது இரண்டாவது முறை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே போயிருந்தேன். அன்றைக்கு ஷாப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. சமையலறை ஜன்னலில் பிளாஸ்டிக் சாக்கை மடித்து ஆணி அடித்திருந்தார்கள். முன்னால் குடியிருந்தவர்கள் செய்தது. எனக்கு வாசனை தெரியவில்லை. சாக்கு தெரிந்தது. ரஃபத் ஆன்ட்டி நீ எழுதியிருப்பதைத்தான் சொன்னார், ஒரு வார்த்தை கூடக்குறைய இல்லை. நான் “ம்” என்றேன்.

வீட்டுக்கு வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. அப்போதுதான் இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை என்று காலண்டரில் பார்த்தேன். ஷாப்பும் மூடியிருக்கும், எனக்கும் லீவு. அன்றைக்குப் போய், ஆணியைப் பிடுங்கி, சாக்கை எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து நின்றேன். காற்றும் கிழக்கேயிருந்து வந்தது. ஒன்றும் வரவில்லை என்று எழுதினால் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மைதான் அக்கா, நான் அதிகம் பேசவில்லை என்றது உட்பட. எழுதாத வரிதான் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது.

ஏன் என்று கேட்டாய்.

அம்மா போன பிறகு நீதான். நீ கல்யாணம் ஆகிப் போன பிறகு இந்த வீட்டில் பேச்சே இல்லை. நீ பத்து நிமிஷ நடையில் இருப்பாய் என்ற ஆசை ஒன்று. அது சின்னக் காரணம்.

பெரிய காரணம் இது. நான் ஒன்பதாவதில் பள்ளியை விட்டது கணக்கு வராமல் அல்ல. என் பெஞ்சில் கலையரசி என்று காட்பாடியிலிருந்து ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பையை எடுத்து பெஞ்சின் அந்த முனையில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மறுநாள் இன்னொரு பெண்ணும் நகர்ந்தாள். அப்போது என் யூனிஃபார்மும் நைனாவின் சட்டையும் ஒரே கொடியில்தான் காய்ந்தன. நான் மணிக்கட்டை முகர்ந்தேன், பின்னலை முகர்ந்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிவது எனக்கு மட்டும் தெரியவில்லை. அதற்குப் பிறகு எந்த இடத்துக்கும் முதலில் போய் உட்கார எனக்குப் பயம். கம்பெனியில் எல்லோரும் ஒரே மாதிரி, அங்கே பயம் இல்லை.

உன் கல்யாணத்தில் நைனாவை மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று நீ சொன்னாய். எலுமிச்சம்பழம் தேய்த்து மூன்று முறை குளித்தார். அப்படியும் பந்தியில் கடைசியாகத்தான் உட்கார்ந்தார். அது எனக்கு மறக்கவில்லை. ‘அந்த வாசனை’ என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது, வரும் என்று எழுதினால் நம் வீட்டைப் பற்றி, நைனாவைப் பற்றி, என்னைப் பற்றி எழுதுவது போல இருந்தது. வராது என்று யாராவது ஒருமுறையாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு உன் பிள்ளையின் மூச்சை எடுத்துக்கொண்டேன்.

நைனாவுக்கு இது எதுவும் தெரியாது. தன் ஊர்க் காற்றால்தான் பேரனுக்கு ஆகவில்லை என்று அவர் தலைகுனிந்து நடக்கிறார். அவரிடமும் சொல்லத்தான் வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

வேணி


நெமிலி
15-9-2024

வேணி,

உடனே பதில் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒன்று என்னைக் குடைகிறது. நான் அந்த ஊரில் பிறந்து இருபது வருஷம் இருந்தவள். ஜூனில் காற்று திரும்பும் என்று ரஃபத் ஆன்ட்டி சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? ஆனி வந்தால் அம்மா மேற்கு ஜன்னலை மூடி ஈரத்துணி தொங்கவிட்டது எனக்கு நினைவில்லையா? அப்போது நீ சின்னப் பெண், உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. ஷாப்புக்குப் பின் தெரு என்று கேட்டவுடனே தெரிந்தது.

தெரிந்தும் உன்னைக் கேட்டேன். நெமிலிக்கு வரப் பிடிக்கவில்லை. அத்தையோடு ஒரு அடுப்படியில் நிற்கப் பிடிக்கவில்லை. எனக்கு ஆம்பூர் வேண்டியிருந்தது, பழி இல்லாமல் வேண்டியிருந்தது. நீ “இல்லை” என்று எழுதுவாய் என்று எங்கேயோ எதிர்பார்த்துத்தான் “நீ எழுதுகிறபடி” என்று எழுதினேன். நாளைக்கு ஏதாவது ஆனால், தங்கச்சி சொன்னாள் என்று சொல்லலாம். சொன்னேன். வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். மாமாவிடம் இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை. அவர் உன் பேரை எடுத்தாலே எழுந்து போகிறார், நான் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

என் கல்யாணத்தில் நைனாவைத் தள்ளி நிற்கச் சொன்னதை நானும் மறக்கவில்லை. அவர் எந்தச் சட்டை போட்டிருந்தார் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

இந்த ஊரும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. சமையலறையில் அத்தை, வாசலில் கொசு. ஆயுத பூஜைக்கு உங்களுக்கு மூன்று நாள் லீவு வருமே, வா. இந்த வீட்டைப் பார். இந்தத் தடவை பார்த்ததை எல்லாம் எழுது, எழுதாமல் எதையும் விடாதே. மாமாவிடம் நீ வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


ஆம்பூர் ரயில் நிலையம்
13-10-2024, மாலை 5.50

அக்கா,

இப்போதுதான் இறங்கினேன். பிளாட்பாரத்துப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எதற்கு அவசரம் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நீ கேட்டது. உங்கள் வீட்டில் வடக்கு அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது. கார்முகிலனை அங்கே படுக்கவைக்காதே, தெற்கு அறையில் வெயில் விழுகிறது. ஏரி நிறைந்தால் சாயங்காலம் காற்று சில்லென்று வருகிறது. நேற்று அந்த நேரத்தில் அவன் நான்கு முறை இருமினான், ஆனால் விசில் சத்தம் இல்லை. தண்ணீர் நல்ல தண்ணீர், சோறு வெள்ளையாக இருந்தது. தை மாதத்தில் அறுப்பு மெஷின் வந்து பத்து நாள் தூசி பறக்கும், அப்போது பிள்ளையை எங்கேயாவது கூட்டிப்போ என்று அத்தையே சொன்னார்கள். அதை எழுதாமல் விடக்கூடாது. அத்தை அரிசி களைந்த தண்ணீரை எட்டிப் பார்ப்பது உண்மைதான். அது மாட்டுக்கு. நீ கொட்டிவிடுவாயோ என்று பார்க்கிறார்கள்.

மாமாதான் என்னை ரயிலடிக்குப் போகிற பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டார். பஸ் ஏற்றும்போது, “உங்க அக்கா சொன்னா. ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சிருக்கீங்க” என்றார். பிறகு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தார்.

நான் வந்து இறங்கிய அன்று கார்முகிலன் என் பையைத் திறந்து முகர்ந்துவிட்டு, “அந்த வீட்டு நாத்தம் வருது சித்தி” என்றான். நீ கை ஓங்கினாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் நிஜத்தைத்தான் சொன்னான். மூன்று நாளில் அவன் ஒருவன்தான் என் முகத்துக்கு நேராகச் சொன்னவன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் ஒன்பதாவதில் இருந்த மாதிரி இல்லை.

இனி அவசரத்துக்குக் காரணம். ரயில் கதவில் நின்றிருந்தேன். ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே முகத்தில் அடித்தது. என்ன இது என்று முதலில் புரியவில்லை. சுண்ணாம்பு ஊறிய மாதிரி, முட்டை கெட்ட மாதிரி, அதற்கு அடியில் இன்னும் ஏதோ. தொண்டை வரைக்கும் வந்தது. துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டேன். மூன்று நாள் வெளியே இருந்ததில் மூக்கு திரும்பி வந்திருக்கிறது. கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து ஒரு இரவுகூட நான் வெளியூரில் தங்கியதில்லை.

கலையரசி பையை நகர்த்தியது இதற்குத்தான். நானாக இருந்தாலும் நகர்த்தியிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்த்தியிருப்பேனா என்று தெரியவில்லை.

மறுபடி மூக்கு பழகிவிடும். பழகுவதற்குள் எழுதிவிட வேண்டும். பிள்ளையை இங்கே குடியிருக்கக் கூட்டி வராதே. நைனாவைப் பார்க்க வருவதென்றால் பங்குனியில் வா, ஆனிக்குள் போய்விடு. ஷாப்புக்குப் பின் தெருவில் எந்த வீட்டையும் யார் சொன்னாலும் எடுக்காதே, முக்கியமாக நான் சொன்னால். நீங்கள் அங்கேயே இருங்கள். எனக்குக் கஷ்டம்தான். லீவு கிடைத்தால் நான் வருகிறேன்.

6.05. இன்னும் வருகிறது, கொஞ்சம் கம்மி.

நைனா வந்திருக்கிறார். ஷாப்பிலிருந்து நேராக வந்திருப்பார், சட்டை மாற்றவில்லை. என்னைப் பார்த்துவிட்டார். ஆனால் கிட்டே வரவில்லை, தூணுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறார். கூட்டம் இருந்தால் அவர் அப்படித்தான் நிற்பார், உன் கல்யாணத்திலிருந்து. நான் பார்த்திருக்கிறேன், இன்றைக்குத்தான் கவனித்தேன். அவரிடம் சொல்ல வேண்டியதை வீட்டுக்கு நடக்கும்போது சொல்லிவிடுவேன்.

எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்கிறேன். அவர் சட்டை வாசனை வருகிறது. அவருக்குத் தெரியாமல் இந்தக் காகிதத்தைப் பையின் மேல் வைத்து எழுதுகிறேன். “இன்னாம்மா எழுதற?” என்கிறார்.

6.20. இப்போது தெரியவில்லை.

வேணி